1968 ஸ்பிட்ஃபயர் மார்க் 3 வாங்கியிருக்கிறேன்: சென்னையில் எதிலிருந்து தொடங்குவது?

அடையாறு_ஸ்பிட்ஃபயர்
ஞாயிறு, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருட ஆசை போன மாதம் வீட்டு வாசலில் வந்து நின்றது. 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இங்கிலாந்தின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 1296 சிசி என்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், வலது பக்க ஸ்டீரிங். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டு ஷெட்டில் ஒன்பது வருடம் ஓடாமல் நின்ற வண்டி. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் என்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன்.

இதுவரை பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவி, புது பேட்டரி, 20டபிள்யூ-50 ஆயில், ஃபில்டர், ப்ளக் எல்லாம் மாற்றியாயிற்று. மூன்றாவது தடவை செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது மூன்று தொல்லைகள். எல்.பி. ரோட்டில் பதினைந்து நிமிடம் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் உச்சிக்குப் போய்விடுகிறது. ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் முன் இடது சக்கரப் பக்கம் கீச்சென்று சத்தம். கிளட்ச்சை மிதித்தால் என்ஜின் சத்தம் லேசாக மாறுகிறது.

அடுத்து செய்ய நினைத்திருப்பவை: எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஆல்டர்னேட்டர், எலெக்ட்ரிக் ஃபேன், நல்ல ஹெட்லைட், அலாய் வீல். மாருதி எஸ்டீம் என்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் போட்டுவிடு, கவலையே இருக்காது என்று ஒரு நண்பர் சொல்கிறார். எதை முதலில் தொடலாம்?

பழைய_ஹெரால்டு
திங்கள், காலை 6:15

தம்பி, வாழ்த்துகள். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். முன் சக்கரத்தின் கீச் சத்தம் என்னவென்று தெரியும்வரை வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள். இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த வண்டி நம் ஊருக்கு அந்நியம் இல்லை. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961-லிருந்து ட்ரையம்ஃபின் ஹெரால்டு காரைச் செய்துகொண்டிருந்தது. ஸ்பிட்ஃபயர் பிறந்ததே அந்த ஹெரால்டின் சேஸியிலிருந்துதான். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. என்ஜினும் ஒரே வம்சம்தான்: நம் ஹெரால்டில் 948 சிசி, உங்களுடையதில் 1296. அதனால் நான் ஹெரால்டில் கற்றது பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டுக்கு வெர்ட்டிகல் லிங்க் என்று பெயர். அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டீரிங் திருப்பும் ஒவ்வொரு தடவையும் நட்டுக்குள் போல்ட்டு திருகுவதுபோல அந்த மரைதான் திரும்புகிறது. அதற்குள் போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அல்ல.

நம் மெக்கானிக்குகள் அம்பாசடரில் கை பழகியவர்கள். நிப்பிள் மாட்டுகிற ஓட்டையைப் பார்த்தால் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே காய்ந்து வழியை அடைத்துவிடும். மேலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும். மரையின் அடிப்பள்ளத்தில் துரு பிடித்து, துருவிலிருந்து விரிசல் விட்டு, ஒரு நாள் தண்டு இரண்டாகிவிடும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும்.

எனக்கு இது 1994-ல் நடந்தது. மயிலாப்பூர் குளத்தருகே, நடக்கிற வேகத்தில், முழு ஒடிப்பில் திரும்பும்போது. வேகம் இல்லாததால் யாருக்கும் அடியில்லை. அதே நாள் காலையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு கிண்டி வரை போய் வந்திருந்தேன். கழற்றிப் பார்த்தபோது ட்ரன்னியனுக்குள் கிரீஸ் காய்ந்த சாந்து மாதிரி இருந்தது. உடைந்த முகத்தில் பாதி பழைய துரு, பாதிதான் புதிதாகப் பளபளத்தது. அதாவது பாதித் தண்டில் எத்தனையோ மாதம் ஓட்டியிருக்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் கழற்றுங்கள். இடது, வலது மரைகள் எதிரெதிர் திசையில் இருக்கும், மாற்றிப் போட முடியாது. அதனால் கழற்றும்போதே எது எந்தப் பக்கம் என்று சீட்டு கட்டிவிடுங்கள்.

கிண்டி_லேத்
திங்கள், காலை 9:30

சார் சொன்னது நூறு சதவீதம் சரி. லிங்க் இரண்டையும் கழற்றினால் நம் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடச் சிவப்புக் கோடாக மேலே வந்துவிடும். அரை மணி நேர வேலை.

என் கவலை கிளட்ச் சத்தம் பற்றி. இந்த ட்ரையம்ஃப் என்ஜின்களில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் மட்டும்தான். கிளட்ச் மிதிக்கும்போது முழு அழுத்தமும் அதன் மேல்தான் விழும். தேய்ந்து மெலிந்தால் நழுவி, அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கிராங்கே பிளாக்கை உரசித் தின்னும்.

பார்ப்பது சுலபம். என்ஜினை நிறுத்துங்கள், பானட்டைத் திறவுங்கள். ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால் ஓட்ட வேண்டாம். டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.1-லிருந்து 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். என்ஜினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றி வாஷர் மாற்றலாம். தடிமன் கூடிய வாஷரும் உண்டு. பள்ளம் வெட்டிய முகம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் போட்டும் பயனில்லை.

அப்புறம் ஸ்பேனர். இது அங்குல வண்டி. அரை அங்குல நட்டுக்கு 13 ஸ்பேனர் போடுவார்கள், 12.7-க்கு 13 போட்டால் முனை மழுங்கும். 7/16, 1/2, 9/16 மூன்றும் நல்லதாக வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் உங்கள் ஸ்பேனரையே கொடுங்கள்.

பாலவாக்கம்_காற்று
திங்கள், பிற்பகல் 1:05

அந்த ஷெட்டில் 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ தண்ணீர் ஏறியதா என்று விசாரித்தீர்களா? விசாரித்தாலும் பின் சக்கரங்களுக்கு நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் கியர் பெட்டியின் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர்.

கதவுக்குக் கீழே ஓடும் சில்லையும் தட்டிப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரில் அது அலங்காரத் தகடு இல்லை, உடலின் பலமே அதில்தான் இருக்கிறது. ஹெரால்டில் சேஸியிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு உடலைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அது இல்லை. டிங்கர் கடையில் சில்லை வெட்டுவதாக இருந்தால், வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்கே கம்பி வைத்து வெல்டு அடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உடல் நடுவில் தொய்ந்து, கதவு இந்த ஜென்மத்தில் சரியாக மூடாது. என் நண்பரின் வண்டிக்கு இதுதான் ஆயிற்று.

புதுப்பேட்டை_வாடிக்கை
திங்கள், மாலை 4:20

சூட்டுக்கு நேரே ரேடியேட்டரைக் கழற்றிப் புதுப்பேட்டையில் கொடுத்து ரீ-கோர் செய்துவிடுங்கள், அதாவது உள்ளிருக்கும் குழாய்த் தொகுதியைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ஒன்பது வருடம் நின்ற ரேடியேட்டரில் பாதிக் குழாய் அடைத்திருக்கும். பித்தளையிலேயே மூன்று வரிசைக் கோர் போட்டுத் தருவார்கள். கூடவே பிளாக்கின் வடிகால் திருகையும் திறந்து கம்பியால் குத்தி விடுங்கள், நாலாம் சிலிண்டர் பக்கம் வண்டல் சேர்ந்து கிடக்கும்.

ரேடியேட்டரின் இரு பக்கமும் அட்டைத் தடுப்பு இருக்கிறதா? பலர் பழைய அட்டைதானே என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் ஓரமாக நழுவிப் போய்விடும்.

படி_எலெக்ட்ரிக்
திங்கள், இரவு 8:50

ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. பெட்ரோல் முள் எப்படிக் காட்டுகிறது?

அடையாறு_ஸ்பிட்ஃபயர்
திங்கள், இரவு 9:10

டேங்கில் பதினைந்து லிட்டர்தான் போட்டேன். முள் கிட்டத்தட்ட முழுசாகக் காட்டுகிறது. மிதவைக் கோளாறு என்று நினைத்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

படி_எலெக்ட்ரிக்
திங்கள், இரவு 9:45

அப்படியானால் உங்கள் என்ஜின் சூடாகவே இல்லாமல் இருக்கலாம்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகர டப்பா இருக்கும், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இரண்டு முள்ளுக்கும் 10 வோல்ட் கொடுப்பது அதன் வேலை. உள்ளே ஒரு பைமெட்டல் தகடு சூடாகி விலகுவதும் ஆறி ஒட்டுவதுமாக இருக்கும், சராசரியில் 10 வோல்ட் வரும். அந்த டப்பாவின் உடம்புக்கு எர்த் கிடைக்காமல் போனால் தகடு சூடாகாது, விலகாது. பேட்டரியின் முழு வோல்டேஜும் அப்படியே முள்ளுக்குப் போகும். அப்போது இரண்டு முள்ளும் சேர்ந்து உயரமாகக் காட்டும். ஒன்று மட்டும் ஏறினால் அந்த முள்ளுக்கு அளவு அனுப்பும் சென்சாரையோ என்ஜினையோ சந்தேகப்படலாம். இரண்டும் ஏறினால் முதலில் இந்த டப்பாவைப் பாருங்கள்.

அது பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான தகட்டில் இறுக்குங்கள். தெர்மாமீட்டர் துப்பாக்கி கிடைத்தால் தெர்மோஸ்டாட் மூடியில் காட்டி அளந்தும் பாருங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் என்றால் ஓடும்போது 80-90 பக்கம் நிற்பது இயல்பு.

டப்பாவே செத்திருந்தால் ரிச்சி தெருவில் 7810 என்று கேளுங்கள். மூன்று கால் உள்ள ரெகுலேட்டர், அதே 10 வோல்ட். பழைய டப்பாவுக்குள்ளேயே வைத்து சால்டர் செய்துவிட்டால் வெளியே பார்க்க ஒரிஜினல்தான்.

ஈசிஆர்_விடியல்
செவ்வாய், காலை 7:30

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்துக்காரன், கோபப்படாதீர்கள். வண்டி என்பது ஓட்டுவதற்கு. என்னிடம் எம்ஜிபி என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஐந்து வருடம் இருந்தது, அதில் மூன்று வருடம் பாகத்துக்காகக் காத்திருந்தேன். அவருடைய நண்பர் சொல்லும் எஸ்டீம் என்ஜின் யோசனை அவ்வளவு மோசம் இல்லை. ஈசிஆரில் 80-ல் போகும்போது நாலாவது கியரில் என்ஜின் கத்துவதைக் கேட்டால் ஐந்தாவது கியர் ஏன் வேண்டும் என்று புரியும். பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். குடும்பத்தோடு பயமில்லாமல் போகலாம்.

பழைய_ஹெரால்டு
செவ்வாய், காலை 8:40

காத்திருந்த வலி எனக்கும் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வழியில் போகக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து.

முதலில் சட்டம். ஆர்சியில் உள்ள என்ஜினை எடுத்துவிட்டு வேறு கம்பெனி என்ஜினைப் போட்டால் பதிவும் இன்ஷூரன்ஸும் தொங்கலில் நிற்கும். அதோடு, 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸி, உடல், என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் விஏ என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாட ஓட்டத்துக்கு அந்தப் பதிவு ஆகாது, அதனால் இப்போதே தம்பி அதற்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் என்ஜினை மாற்றினால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும்.

இரண்டாவது, அந்தப் பின் சக்கரங்கள். மார்க் 3-இல் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாக நுழைந்து பாதியில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பகுதி எழும்பி, சக்கரம் உள்பக்கம் மடிந்து, வால் சுழற்றும். 75 குதிரைத் திறனுக்கே அடக்கமாகக் கையாள வேண்டிய அமைப்பு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் காலை மெதுவாக அழுத்திக்கொண்டே வெளியே வர வேண்டும். இது கை பழகியபின் வரும் சுகம் வேறு எந்த வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஈசிஆர்_விடியல்
செவ்வாய், காலை 10:00

விதி விவரம் தெரியாது சார், நன்றி. என்ஜின் பேச்சை விடுகிறேன். ஆனால் அவர் பட்டியலில் ஆல்டர்னேட்டரும் ஹெட்லைட்டும் வேண்டாத ஆடம்பரம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

படி_எலெக்ட்ரிக்
செவ்வாய், மதியம் 2:15

சொல்ல மாட்டேன், அவை இரண்டும் நம் ஊருக்குக் கட்டாயம். இப்போது வண்டியில் இருக்கும் டைனமோ ஐட்லிங்கில் சார்ஜே செய்யாது. மத்திய கைலாஷ் சிக்னலில் இரவு ஏழு மணிக்கு, ஹெட்லைட், வைப்பர், பிரேக் லைட் எல்லாம் எரிய நின்றால் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் எலெக்ட்ரிக் ஃபேனும் போட்டால் நாலு சிக்னல் தாங்காது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் ஆல்டர்னேட்டர், பிறகுதான் ஃபேன். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் பிரவுன் ஒயர் பழைய டைனமோவின் இருபது சொச்சம் ஆம்பியருக்குப் போட்டது. அதே ஒயரில் நாற்பதை அனுப்பினால் உருகும். பக்கத்தில் இன்னொரு தடித்த ஒயர் இழுங்கள்.

ஹெட்லைட் ஏழு அங்குல வட்டம்தான், ஹெச்4 கண்ணாடி எங்கும் கிடைக்கும். ஆனால் பல்பை மாற்றுவதற்கு முன் இரண்டு ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போடுங்கள். இப்போது முழுக் கரண்ட்டும் ஸ்விட்ச் வழியாகப் போய்த் திரும்பி வருகிறது, நடுவில் ஃப்யூசும் இல்லை. ரிலேயும் ஃப்யூசும் போட்டால் பழைய பல்பே நன்றாக எரியும், கிடைக்காத அந்த ஸ்விட்ச்சும் பிழைக்கும்.

எஸ்யூ_ஊசி
புதன், காலை 6:50

பெட்ரோல் பற்றி யாரும் பேசவில்லையே. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1968 ரப்பருக்கு அது விஷம். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் தரத்தில் மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், மிதவை ஊசி இரண்டையும் பாருங்கள். குழாய் வெளியே புதுசாகத் தெரிந்தாலும் உள்ளே உரிந்து கருப்புத் துகளாக வரும்.

எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். பழைய அளவிலேயே கார்புரேட்டர் ஊற்றினால் காற்று அதிகமாகி, கலவை லீன் ஆகிவிடும். அந்தச் சூடு நிஜமான சூடு. எஸ்யூவில் அதைச் சரிசெய்வது ஓர் அழகான வேலை, வெளியே கொடுக்காமல் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே சீறல் வரும்வரை த்ராட்டில் திருகைச் சரிசெய்யுங்கள். பிறகு கலவை. கார்புரேட்டர் அடியிலிருக்கும் சின்ன ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, நகக்கண் அளவு, தூக்குங்கள். ஐட்லிங் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடி நட்டை ஒரு தடவைக்கு ஒரு முகம் (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்று) மட்டும் திருப்புங்கள். கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும்.

வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றை எத்தனால் இழுத்துக்கொள்ளும்.

பழைய_ஹெரால்டு
புதன், காலை 7:20

பிரேக்கை மறந்துவிட்டோம். மார்க் 3-இல் ஒரே சர்க்யூட். ஒரு குழாய் போனால் நாலு சக்கரமும் போயிற்று. ரப்பர் ஹோஸ் நாலையும் கேள்வியே இல்லாமல் மாற்றுங்கள். பழைய ஹோஸ் உள்ளே உப்பிக்கொண்டு, பிரேக் பிடித்த பிறகு விடாமல் வைத்திருக்கும். புது டாட் 4 ஆயில் ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், எந்த வாரம், எந்த வருடம் என்று. பட்டன் நன்றாக இருந்தாலும் வயது போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வேகன்ஆருக்கு வரும் 155/80 ஆர்13 உங்கள் ரிம்மில் உட்காரும். அந்தப் பணத்தில் அலாய் வேண்டாம், தம்பி.

அடையாறு_ஸ்பிட்ஃபயர்
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு காலை 9:30

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒவ்வொன்றாகச் செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முள் விஷயம் ஸ்டெபிலைசர்தான். யாரோ டாஷ்போர்டைக் கழற்றிப் பெயின்ட் அடித்து, பெயின்ட்டின் மேலேயே டப்பாவை மாட்டியிருந்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். சாவியைத் திருப்பினேன், பெட்ரோல் முள் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தெர்மாமீட்டர் துப்பாக்கியில் 86. ரேடியேட்டரைக் கழற்றவில்லை, பிளாக்கை மட்டும் கழுவினேன், அரை மக் அளவுக்குச் செம்மண் மாதிரி வண்டல் வந்தது. அட்டைத் தடுப்பு இல்லை, புதிதாக வெட்டிப் போட்டேன்.

த்ரஸ்ட் 0.31 காட்டியது. வாஷர் மாற்றியபின் 0.14. கிளட்ச் மிதித்தால் இப்போது சத்தம் மாறவில்லை. டிஃபரன்ஷியல் ஆயில் கருப்பாக இருந்தது, மோராக இல்லை.

ஹோஸ், பிரேக் ஆயில், டயர், பெட்ரோல் குழாய் முடிந்தது. ரிலே போட்டாயிற்று. ஆல்டர்னேட்டர் அடுத்த மாதம். எஸ்யூவைக் குழாய் வைத்துக் கேட்டுச் சரிசெய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முன் கார்புரேட்டர் இரண்டு முகம் இறக்கினேன், பின்னது மூன்று.

முன் இடது லிங்க். இரண்டையும் கிண்டிக்கு எடுத்துப்போனேன். வலது பக்கம் சுத்தம். இடது பக்கத்தில் வெள்ளைப் பொடி அடித்து இரண்டு நிமிடத்தில், மேலிருந்து மூன்றாவது மரையில், மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு சுற்றி வந்தது. பாதிச் சுற்றுக்கு மேல். உள்ளே கிரீஸ் இருந்தது, சார். நீங்கள் சொன்ன அதே காய்ந்த சாந்து. அந்த லிங்க்கோடு என் மகளை முன் சீட்டில் வைத்துக்கொண்டு பெசன்ட் நகர் வரை போயிருக்கிறேன்.

புது லிங்க், புது ட்ரன்னியன் இங்கிலாந்திலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. 90 நம்பர் ஆயிலை கன்னில் ஊற்றி, மேல் ரப்பரில் ஆயில் கசிந்து வரும்வரை அடித்தேன். இன்று காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஈசிஆரில் கோவளம் வரை போய் வந்தோம். ஸ்டீரிங் ஒற்றை விரலில் திரும்புகிறது. முள் பாதியைத் தாண்டவில்லை.

பழைய_ஹெரால்டு
ஞாயிறு, காலை 9:55

படித்ததும் கை நடுங்கிவிட்டது, தம்பி. மகளுக்கு என் ஆசீர்வாதம்.

அந்தப் பழைய லிங்க்கைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். சாயத்தைத் துடைக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். தாம்பரத்தில் ஒருவர் பழைய ஹெரால்டு ஒன்றை எழுப்பிக்கொண்டிருக்கிறார், கிரீஸ்தான் அடிக்கிறேன் என்று போன வாரம் போனில் சொன்னார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் வருகிற சனிக்கிழமை அதை வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.